ரெசின் சிமென்ட்டின் பிடிமானம்: கேள்விகளும் பதில்களும்

பல் பொருள்களை உடைத்துப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. கேப் போன்றவற்றைப் பல்லில் ஒட்டும் ரெசின் சிமென்ட் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதுநிலை மாணவி: ஐஎஸ்ஓ 4049 என்ற சர்வதேசத் தர முறையில் வளைவு வலிமை, அதாவது பட்டையை வளைத்து உடைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்க்கிறேன். ஒரே சிமென்ட், பத்துப் பட்டைகள். ஆனால் விடை 80 முதல் 120 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் விசை) வரை சிதறுகிறது. மெஷினில் கோளாறா?

மெஷினைச் சந்தேகப்படும் முன் மைக்ரோமீட்டரைக் கையில் எடுங்கள். பட்டை 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. உயரம் என்பது அச்சின் அளவு. அச்சிலிருந்து வெளியே வருவது எப்போதும் அப்படியே இருக்காது. சூத்திரத்தில் உயரம் வர்க்கமாக வருகிறது. 2.1 மி.மீ. உயரமுள்ள பட்டையை 2 என்று குறித்துக்கொண்டால் விடை பத்து சதவீதம் கூடிவிடும். ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். ஓரத்துப் பிசிறை 320 நம்பர் தாளில் மெதுவாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது காற்றுக் குமிழி. இரண்டு பேஸ்ட்டையும் ஸ்பேட்டுலாவால் வேகமாகக் கலக்கினால் காற்றும் சேர்ந்தே உள்ளே போகும். குறைந்த அளவில் உடைந்த பட்டையின் முகத்தை லென்ஸில் பாருங்கள். கீழ்ப்பக்கத்துக்கு அருகில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வட்டக் குழி தெரிந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். வளையும்போது இழுபடுவது கீழ்ப்பக்கம்தான். அதே குழி மேல்பக்கம் இருந்திருந்தால் பட்டை பெரும்பாலும் தாங்கியிருக்கும். சிரிஞ்சின் கலவை முனை வழியாக நேராக அச்சில் நிரப்பினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

சிமென்ட்டை இறுகவைக்கும் லைட்டையும் கவனியுங்கள். முனையின் அகலம் 25 மி.மீ. இருக்காது. நடுவில் தொடங்கி, ஒன்றின் மேல் ஒன்று படும்படி இரு பக்கமும் நகர்த்தி, அடிப்பக்கமும் காட்ட வேண்டும். இதெல்லாம் செய்தும் கொஞ்சம் சிதறத்தான் செய்யும், நொறுங்கும் பொருளின் குணம் அது. குறைந்த எண்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்: ஒரே சிமென்ட்டின் ஒட்டும் வலிமை ஓரிடத்தில் 30 மெகாபாஸ்கல், இன்னோரிடத்தில் 15 என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எப்படிச் சோதித்தார்கள் என்று பாருங்கள். சானோ என்ற ஆய்வாளரின் குழுவினர் 1994-இல் கொண்டுவந்த மைக்ரோடென்சைல் (சிறு துண்டை இழுத்துப் பிரிக்கும்) முறையில் ஒட்டிய பரப்பு சுமார் ஒரு சதுர மி.மீ.தான். பரப்பு சிறியதானால் அதற்குள் குறைகள் சிக்குவதும் குறைவு, எண் ஏறும். ஐஎஸ்ஓ 29022 முறையில் 2.38 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். பரப்பு 4.45 சதுர மி.மீ. அது 89 நியூட்டனில், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிலோ எடையில் கழன்றால் 20 மெகாபாஸ்கல். ஒரே ஆய்வுக்குள் இரண்டு சிமென்ட்டை ஒப்பிடுங்கள், சரி. வேறு வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். அப்புறம், எங்கே உடைந்தது என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். டென்டினே (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லின் பகுதி) பெயர்ந்து வந்திருந்தால் அந்த எண் டென்டினுடையது, ஒட்டுதலுடையது அல்ல.

ஆய்வு மாணவர்: ஒட்டிய மாதிரியைப் பழையதாக்க 5, 55 டிகிரி தண்ணீரில் 500 முறை மாற்றி மாற்றி வைத்தால் போதுமா?

ஐஎஸ்ஓ 11405 சொல்வது அந்த 500-தான். என் கணக்கில் அது போதாது. 10,000 முறை என்பது வாயில் ஓராண்டுக்குச் சமம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், அதுவும் மதிப்பீடுதான். டென்டினில் ஒட்டியதைக் காலப்போக்கில் கெடுப்பது தண்ணீர். ஒரு தொகுதியை 37 டிகிரி தண்ணீரில் ஆறு மாதம் போட்டுவையுங்கள். 24 மணி நேரத்தில் முன்னால் நிற்கும் சிமென்ட் ஆறாம் மாதமும் முன்னால் நிற்கும் என்று நினைக்க வேண்டாம்.

லேப் டெக்னீஷியன்: ஜிர்கோனியா கேப்பை (பீங்கான் வகை) ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் போட்டு எட்ச் செய்தும், அதாவது அரித்துச் சொரசொரப்பாக்கியும் சிமென்ட் உரிந்து வருகிறதே?

அமிலம் கரைப்பது கண்ணாடியை. ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. 50 மைக்ரான் அலுமினாவை மெல்லிய அழுத்தத்தில் அடித்து, எம்டிபி (ஜிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) உள்ள பிரைமரை, அதாவது ஒட்டும் முன் பூசும் திரவத்தைத் தடவுங்கள். வாயில் வைத்துப் பார்த்தபின் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவ வேண்டாம். எம்டிபி போய் உட்கார வேண்டிய இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வாசகர்: என் பல் கேப் மூன்றாவது முறையாகக் கழன்றுவிட்டது. இருப்பதிலேயே உறுதியான சிமென்ட் எது?

சிமென்ட்டை மாற்றும் முன் கேப்பின் உள்பக்கம் பாருங்கள். சிமென்ட் கேப்பிலேயே இருந்தால் பல் பக்கம் விட்டிருக்கிறது. கேப் சுத்தமாக இருந்து பல்லில் சிமென்ட் தெரிந்தால் கேப் பக்கம் விட்டிருக்கிறது. அடிப்பல் குட்டையாகவோ கூம்பாகவோ இருந்தாலும் எந்த சிமென்ட்டும் சிரமப்படும். சுரண்டாமல், வீட்டுப் பசை எதுவும் போட்டு ஒட்டாமல், கேப்பை ஒரு டப்பாவில் போட்டு அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அந்த உள்பக்கத்தை அவரும் பார்க்க வேண்டும்.