எலக்ட்ரானிக்ஸ் புரியவில்லையா?

கேள்வி: காட்பாடியில் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அடிப்படை எலக்ட்ரானிக்ஸ் தலைக்குமேல் போகிறது, என்ன செய்வது? – வாசகி, குடியாத்தம்

பதில்: பயப்படாதேம்மா. பிளஸ் டூ இயற்பியலில் தமிழில் படித்த ஓம் விதி, கிர்க்காஃப் விதிகள்தான் இங்கேயும் அடித்தளம், அதைத் திரும்பப் படித்துவிட்டு டிரான்சிஸ்டருக்குப் போ. அப்புறம் ஒரு பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி), 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 470 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வாங்கிக்கொள், எல்.இ.டி.யையும் ரெசிஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டரியோடு இணை. சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரில் விழுந்தால் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் ஓடும், கணக்குப் போட்டுவிட்டு மீட்டரில் அளந்து பார், பாடம் தானாகப் பிடிபடும். ரெசிஸ்டர் இல்லாமல் மட்டும் இணைக்காதே, எல்.இ.டி. கருகிவிடும். சந்தேகத்தைத் தமிழிலேயே கேள். லேப் வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதே.