நாடக வாசிப்பும் பார்வையாளரின் சொல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் மினியாபொலிஸ் நகரில் வசிக்கிறேன். சென்ற மாதம் இங்குள்ள ஒரு சிறிய அரங்கில், இன்னும் எழுதி முடிக்கப்படாத ஒரு நாடகத்தை நடிகர்கள் வாசிக்கக் கேட்டேன். காட்சியமைப்பும் ஒப்பனையும் இல்லை. ஆறு நடிகர்கள் பிரதியைத் தாங்கிகளில் வைத்துக்கொண்டு நின்றபடி வாசித்தார்கள். ஒருவர் மேடைக் குறிப்புகளை மட்டும் படித்தார். முடிந்ததும் நாடகாசிரியரை மேடையில் அமர்த்திப் பார்வையாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். முடிவை மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். அம்மா பாத்திரத்துக்கு இன்னும் வசனம் வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த இளம் எழுத்தாளர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு படைப்பைக் கூட்டம் கூடித் திருத்துவது சரியா? இப்படி உருவான நல்ல நாடகம் ஏதேனும் உண்டா? என் முறை வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு ஐயமில்லாத விடை இருக்கிறது, அந்த விடையின் ஒரு பகுதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பின்னாளில் அமெரிக்காவின் முக்கிய நாடகாசிரியராக அறியப்பட்ட ஆகஸ்ட் வில்சன் 1978-இல் மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் பால் நகருக்குக் குடிவந்தபோது அவரை நாடகாசிரியராக எவரும் அறிந்திருக்கவில்லை. 1971-இல் மினியாபொலிஸில் தொடங்கப்பட்ட, நாடகாசிரியர்களுக்கான அமைப்பான பிளேரைட்ஸ் சென்டர் 1980-இல் அவருக்கு உதவித்தொகை அளித்தது. அதே காலத்தில் அவர் கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்ஃபோர்டில் உள்ள யூஜின் ஓநீல் தியேட்டர் சென்டருக்குத் தம் நாடகங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அவை ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கப்பட்டன. 1982-இல் ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ ஏற்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயை அடைந்தது.

ஓநீல் மையத்தை ஜார்ஜ் வைட் 1964-இல் நிறுவினார். அடுத்த ஆண்டிலிருந்து கோடைதோறும் அங்கே நாடகாசிரியர் மாநாடு நடந்துவருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தாளர்கள் அங்கேயே தங்குகிறார்கள். ஒவ்வொரு நாடகத்துக்கும் தொழில்முறை நடிகர்களும், ஓர் இயக்குநரும், டிராமடர்க் எனப்படும் ஒருவரும் தரப்படுகிறார்கள். பிரதியை எழுத்தாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசுவதற்கென்றே இருப்பவர் இந்த டிராமடர்க். சில நாள் ஒத்திகைக்குப் பிறகு நடிகர்கள் கையில் பிரதியோடு பார்வையாளர் முன் நிற்கிறார்கள். நீங்கள் பார்த்த நிகழ்ச்சி பெரும்பாலும் இங்கிருந்து பரவிய முறைதான்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வில்சனின் ‘தி பியானோ லெசன்’ நாடகத்தைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். களம் 1936-ஆம் ஆண்டின் பிட்ஸ்பர்க். பெர்னீஸ் வாழும் வீட்டில் ஒரு பியானோ இருக்கிறது. அடிமைகளாக வாழ்ந்த அவளுடைய மூதாதையரின் உருவங்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த முன்னோர்கள் அடிமைகளாக உழைத்த நிலத்தையே விலைக்கு வாங்க வேண்டும், அதற்குப் பியானோவை விற்க வேண்டும் என்று மிசிசிப்பியிலிருந்து வந்து நிற்கிறான் அவள் தம்பி பாய் வில்லி. அக்காவின் பக்கமும் நியாயம், தம்பியின் பக்கமும் நியாயம். 1986-இல் ஓநீல் மையத்தில் வாசிக்கப்பட்டு, 1987-இல் யேல் பல்கலைக்கழகத்தின் யேல் ரெபர்டரி அரங்கில் மேடையேறிய காலத்து வடிவத்தில், பியானோ கடைசியில் யாரிடம் இருக்கிறது என்பதை நாடகம் சொல்லவில்லை. அது முக்கியமான கேள்வியே இல்லை என்பது வில்சனின் அப்போதைய நிலை. பார்த்தவர்களோ திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டார்கள்.

பாஸ்டன், சிகாகோ என்று நாடகம் ஊர் ஊராகச் சென்றது. வில்சனும் கூடவே சென்று திருத்திக்கொண்டே இருந்தார். 1990-இல் பிராட்வேயில் நாம் காணும் முடிவில், அந்தக் குடும்பத்தை அடிமையாக வைத்திருந்த வம்சத்தவனின் ஆவியோடு பாய் வில்லி மல்லுக்கு நிற்கிறான். தாய் இறந்ததிலிருந்து அந்தப் பியானோவைத் தொடாமலே இருந்த பெர்னீஸ் அதன்முன் அமர்ந்து, முன்னோர்களின் பெயர்களைச் சொல்லி அழைத்தபடி வாசிக்கிறாள். ஆவி அகல்கிறது. தம்பி பியானோவைக் கேட்காமல் ஊர் திரும்புகிறான். அவ்வாண்டின் புலிட்சர் பரிசு அந்த நாடகத்துக்குக் கிடைத்தது.

‘பியானோ யாருக்கு?’ என்ற பார்வையாளரின் கேள்வி சரியான கேள்வி. ஏதோ ஓரிடம் மூடப்படாமல் கிடக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஆனால் பெர்னீஸ் வாசிக்க வேண்டும், வாசிப்பதே வேண்டுதலாக மாற வேண்டும் என்பதை அரங்கில் இருந்த யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. ‘அக்காவுக்கே கொடுத்துவிடுங்கள்’ என்றோ ‘விற்றுப் பாதிப் பணம் பகிரட்டும்’ என்றோ அவர்கள் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதை ஏற்றிருந்தாலும் நாடகம் ஒரு பாகப்பிரிவினை வழக்காகச் சுருங்கியிருக்கும். வலி எங்கே என்று நோயாளி சொல்லும்போது மருத்துவர் காதுகொடுத்துக் கேட்கிறார், மருந்துச்சீட்டை எழுதுவது மட்டும் அவர் கையில் இருக்கிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் விடை இதுதான். கூட்டம் கூடித் திருத்துவது தவறு; கூட்டத்தின் நடுவில் அமர்ந்து, எந்த இடம் திருத்தப்பட வேண்டும் என்று எழுத்தாளர் கண்டுகொள்வது தேவையானது.

அப்படிக் கண்டுகொள்வது பெரும்பாலும் கருத்துக் கேட்கும் நேரத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாசிப்பு நடக்கும்போது நாடகாசிரியர் மேடையைப் பார்ப்பதைவிட அதிகமாக அரங்கைக் கவனிக்கிறார். நகைச்சுவை என்று எழுதிய வரியில் யாரும் சிரிக்காததும், எழுதும்போது சாதாரணமாகத் தோன்றிய ஒரு வரியில் அரங்கு முழுதும் அசைவற்றுப் போவதும், இரண்டாம் பாகத்தின் நடுவில் நாற்காலிகள் கிரீச்சிடத் தொடங்குவதும் பொய் சொல்லாத சான்றுகள். பிறகு ஒலிவாங்கி கைக்கு வரும்போது அதே மனிதர்கள் புத்திசாலித்தனமாகப் பேச முயல்கிறார்கள், எழுத்தாளரைப் புண்படுத்தக் கூடாது என்று மென்மையாகப் பேசுகிறார்கள், சிலர் தாங்கள் எழுதியிருக்கக்கூடிய நாடகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் பார்த்த இளம் எழுத்தாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது மரியாதையின் பொருட்டாக இருந்திருக்கலாம். வாசிப்பின்போது அவர் எதை எழுதினார் என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

உங்கள் சங்கடத்தை நான் முழுமையாகத் தள்ளிவிடவும் இல்லை. வாசிப்பு முறைக்குக் கடுமையான எல்லைகள் உண்டு, அவற்றில் முதலாவது, அது பேச்சுக்குச் சாதகமானது. ஆனி பேக்கரின் ‘தி ஃப்ளிக்’ நாடகத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிறிய திரையரங்கின் ஊழியர்கள், படம் முடிந்தபின் சிந்திக் கிடக்கும் பாப்கார்னைக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டலும் அதன் நடுவிலான நீண்ட மௌனங்களுமாக நாடகம் சுமார் மூன்று மணி நேரம் நடக்கிறது. ‘இருவரும் பேசாமல் கூட்டுகிறார்கள்’ என்று மேடைக் குறிப்பைப் படிப்பவர் இரண்டு நொடியில் படித்துவிடுவார். பார்வையாளர் அனுபவிக்க வேண்டிய அந்த நிமிடங்கள் வாசிப்பில் இல்லாமலே போய்விடும். 2013-இல் நியூயார்க்கின் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கில் அது முழுமையாக மேடையேறியபோதே சிலர் இடைவேளையில் எழுந்து போனார்கள். அரங்கின் கலை இயக்குநர் சந்தாதாரர்களுக்கு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது. அன்றைய பார்வையாளர் கருத்தைக் கேட்டு நடந்திருந்தால் முதலில் வெட்டப்பட்டிருப்பவை அந்த மௌனங்கள்தான். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது அந்த மௌனங்களோடு கூடிய நாடகம். உடலாலும் ஒளியாலும் அமைதியாலும் எழுதுகிறவர்கள் தங்கள் நாடகத்தை வாசிப்புக்குக் கொடுக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன்.

இரண்டாவது எல்லை பணத்திலிருந்து பிறக்கிறது, எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். ஒரு காலத்தில் புதிய நாடகங்கள் பிராட்வேக்கு வரும் முன் நியூ ஹேவன், பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களில் முழுமையாக மேடையேறி, இரவோடிரவாகத் திருத்தப்பட்டன. செலவு ஏறியதால் அந்த வழக்கம் சுருங்கியது. நாடெங்கும் உருவான லாப நோக்கற்ற அரங்குகள் புதிய நாடகங்களின் வீடாயின. சந்தாவை நம்பி நடக்கும் அந்த அரங்குகளுக்குப் பெயர் தெரியாத எழுத்தாளரின் நாடகத்தை முழுச் செலவில் மேடையேற்றுவது பெரிய துணிச்சல். வாசிப்புக்குச் செலவு மிகக் குறைவு. நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் விதிகளின்படி பரவலாக நடக்கும் ஒரு வகை வாசிப்பில் ஒத்திகையும் நிகழ்ச்சியும் சேர்ந்து 29 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு குறைந்த செலவில் ‘நாங்கள் புதிய எழுத்தை ஆதரிக்கிறோம்’ என்று நன்கொடையாளர்களிடம் சொல்ல முடிகிறது. விளைவாக, ஒரே நாடகம் ஊர் ஊராக வாசிக்கப்பட்டு, ஒவ்வோர் ஊரின் கருத்துக்கும் ஏற்பத் தேய்ந்து, எங்கும் மேடையேறாமல் ஆண்டுகளைக் கழிக்கிறது. நாடகாசிரியர்களின் வாழ்நிலை பற்றித் தியேட்டர் டெவலப்மென்ட் ஃபண்ட் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் எழுத்தாளர்கள் இந்தக் குறையை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

அதற்கு முன்பே, 2003-இல், நியூயார்க்கில் 13 நாடகாசிரியர்கள் சேர்ந்து ‘13பி’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ‘நாங்கள் நாடகங்களை வளர்ப்பதில்லை, நிகழ்த்துகிறோம்’ என்பது அவர்களுடைய அறிவிப்பு. ஒவ்வொருவரின் நாடகத்தையும் முறைவைத்து மேடையேற்றினார்கள். எவருடைய நாடகமோ அவரே அப்போது குழுவின் கலை இயக்குநர். பதின்மூன்றாவது நாடகம் முடிந்ததும், 2012-இல், சொன்னபடியே குழுவைக் கலைத்தார்கள். எனக்கு இந்தக் குழுவின்மேல் ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆயினும் அவர்கள் எதிர்த்தது வாசிப்பையே என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மேடை வராத வாசிப்பை அவர்கள் எதிர்த்தார்கள்.

இங்கே வில்சனிடம் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. ஓநீல் மாநாட்டை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1999 வரை, நடத்தியவர் லாயிட் ரிச்சர்ட்ஸ். 1979 முதல் 1991 வரை யேல் நாடகப் பள்ளிக்கும் யேல் ரெபர்டரி அரங்குக்கும் தலைவராக இருந்தவரும் அவரே. கோடையில் வாட்டர்ஃபோர்டில் ஒரு நாடகத்தைக் கேட்டவரின் கையிலேயே அதை மேடையேற்ற ஓர் அரங்கும் இருந்தது. அங்கிருந்து வேறு ஊர்களின் அரங்குகள் அதை ஏற்று நடத்தின. ஆகவே வில்சன் செய்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிரே ஒரு மேடை காத்திருந்தது. திருத்தியது சரியா என்று அடுத்த ஊரில் நடிகரின் உடலில் பார்க்க முடிந்தது. அந்த வரிசையின் முதல் படியை மட்டும் பிரித்தெடுத்துப் பிற இடங்களில் நட்டதுதான் இன்றைய சிக்கலுக்குப் பெரும் காரணம் என்பது என் எண்ணம். 1998-இல் தொடங்கிய நேஷனல் நியூ பிளே நெட்வொர்க் இதைச் சரிசெய்ய முயலும் அமைப்பு. குறைந்தது மூன்று அரங்குகள் ஒரே புதிய நாடகத்தை ஓராண்டு அளவில் தனித்தனியாக, தத்தம் இயக்குநர், நடிகர்களோடு மேடையேற்ற அது வழிசெய்கிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆசிரியர் திருத்தலாம். முதல் அரங்கேற்றம் தமக்கே வேண்டும் என்று அரங்குகள் போட்டியிடும் சூழலில், அந்தப் பெருமையை மூவர் பகிர்ந்துகொள்ள ஒப்புவது சிறிய செயலன்று.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆம், சொல்லியிருக்கலாம். எதைச் சொல்வது என்பதற்கு நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த உரையாடல் முறை நல்ல துணை. முதலில் பார்வையாளர்கள் தங்களைத் தொட்டது எது, மனத்தில் நின்றது எது என்று சொல்கிறார்கள். அடுத்து படைப்பாளி தமக்கு ஐயமுள்ள இடங்களைப் பற்றி அவர்களிடம் கேட்கிறார். பிறகு பார்வையாளர்கள், உள்ளே தீர்ப்பை மறைத்துவைக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். அபிப்பிராயம் கடைசியில்தான் வருகிறது, அதுவும் ‘இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?’ என்று படைப்பாளியின் அனுமதி கேட்ட பிறகு. உங்கள் அரங்கில் நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிட்டார்கள். உங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்தில் பெரும்பங்கு அதனால் வந்தது என்று நினைக்கிறேன்.

நடத்துபவர் இந்த ஒழுங்கைப் பின்பற்றாவிட்டாலும் நீங்கள் பின்பற்றலாம். முடிவை மாற்றச் சொல்லாமல், எந்த இடத்தில் கதையின் இழை உங்களிடமிருந்து நழுவியது என்று சொல்லுங்கள். அந்த அம்மா எதை மறைக்கிறாள் என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்; அது எழுத்தாளர் நினைத்ததோடு பொருந்தாவிட்டால் அவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் எந்த வரி நினைவில் இருந்ததோ அதை இரண்டு நாள் கழித்தும் மின்னஞ்சலில் எழுதலாம். கூடவே அந்த அரங்குக்கும் ஒரு கடிதம் எழுதி, நீங்கள் கேட்ட நாடகத்தை எப்போது மேடையேற்றப்போகிறார்கள் என்று கேளுங்கள். சந்தாதாரர்கள் என்ன விரும்புவார்களோ என்று அஞ்சித்தான் பல அரங்குகள் வாசிப்போடு நிறுத்திக்கொள்கின்றன. பணம் கொடுத்து வந்து பார்க்க ஆள் இருக்கிறது என்ற செய்தி உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்.