அம்மா முதல் தடவையா அமெரிக்கா வர்றாங்க. ஆறு மாசத்துக்கு சுகர் மாத்திரை, இன்சுலின் எல்லாம் எப்படி பேக் பண்ணி கொண்டு வர்றது?

இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா கடந்து போக முடியல. ஏன்னா நீங்க கீழ ஒரு வரி சேத்திருக்கீங்க பாருங்க, "இன்சுலினை ஐஸ் பேக் வச்சு செக்-இன் பெட்டியில போட்டா போதும்ல, கைப்பையில ஊசி இருந்தா செக்யூரிட்டில பிடுங்கிடுவாங்கள்ல"னு. அச்சு அசலா இதே வார்த்தைய என் தம்பி 2022 மே மாசம் போன்ல சொன்னான், நானும் ஆபீஸ் மீட்டிங் நடுவுல "சரிடா, நீயே பாத்துக்கோ"ன்னு வச்சுட்டேன். அந்த ஒரு "சரிடா"வுக்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, மருந்தாளரும் இல்ல. டல்லாஸ்ல கம்ப்யூட்டர் தட்டுற ஆளு. "எங்க மாமனார் எட்டு தடவை போயிட்டு வந்துட்டாரு, எல்லாத்தையும் பெட்டியிலதான் போட்டாரு, ஒண்ணும் ஆகல"னு கமெண்ட்ல வர்றவங்க வரட்டும், உங்க மாமனார் கொடுத்து வச்சவர், அவ்ளோதான்.

அம்மாவுக்கு 68 வயசு, ஊரு அருப்புக்கோட்டை. சுகர் வந்து 20 வருஷம் இருக்கும். காலைல 20 யூனிட், ராத்திரி 12 யூனிட், 30/70 மிக்ஸ் இன்சுலின், அதுக்கு மேல மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒண்ணு, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, தைராய்டுக்கு ஒண்ணு. தம்பி கணக்குப் போட்டு ஆறு மாசத்துக்கு 15 பாட்டில் இன்சுலின் வாங்கி, மீன்காரர்கிட்ட வாங்கின தெர்மோகோல் டப்பாவுல ஜெல் பேக் வச்சு, பிரவுன் டேப்பை சுத்து சுத்துன்னு சுத்தி பெரிய பெட்டிக்குள்ள வச்சுட்டான். பாவம், அவனைக் குறை சொல்லல, பாசத்துலதான் பண்ணான். ஓடிட்டிருந்த பாட்டில் ஒண்ணும், ஒரு பாக்கெட் சிரிஞ்சும், நாலு நாளைக்கு மாத்திரையும் மட்டும் அம்மா மடியில இருந்த மஞ்சப்பையில. வீல்சேர் அசிஸ்டன்ஸ்ல வந்தாங்க, சென்னைல ஏறி நடுவுல ஒரு இடத்துல விமானம் மாறி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டல்லாஸ்ல இறங்கினாங்க. அம்மா வந்துட்டாங்க, பெட்டி வரல.

பெல்ட் நின்னு போயி, ஆளெல்லாம் காலியாகி, அம்மா வீல்சேர்ல உக்காந்துட்டு "வந்துரும்யா, வந்துரும்"னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. கவுண்டர்ல எழுதிக் கொடுத்தோம், ரெண்டு நாள்ல வீட்டுக்கே வந்துரும்னாங்க. வெள்ளி ராத்திரி 12 யூனிட் போட்டாச்சு, சனி காலைல 20 போட்டாச்சு, பாட்டிலைக் கவுத்துப் பாத்தா அடியில ஈரம் மட்டும்தான் இருக்கு. ஊர்ல டாக்டருக்கு போன் போட்டா அங்க ராத்திரி ஆயிருச்சு, எடுக்கல.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, அமெரிக்காவுல புது வகை இன்சுலினுக்கெல்லாம் பிரிஸ்கிரிப்ஷன் வேணும், ஆனா பழைய ஹ்யூமன் இன்சுலின் பெரும்பாலான மாநிலங்கள்ல சீட்டு இல்லாமலே வாங்கலாம். அப்ப வால்மார்ட் பார்மசில ஒரு பாட்டில் 25 டாலர் பக்கம். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஓடினேன். அங்க 70/30ன்னு போட்டிருக்கு. எனக்கு வேர்த்துருச்சு, நம்ம ஊர் டப்பாவுல 30/70ல்ல போட்டிருக்கும், இது தலைகீழா இருக்கேன்னு. அங்க இருந்த பார்மசிஸ்ட் லேடிகிட்ட கேட்டேன். ரெண்டும் ஒரே கலவைதான், எந்த நம்பரை முன்னாடி எழுதுறாங்கங்கிறதுதான் வித்தியாசம், 70 பங்கு மெதுவா வேலை செய்யுறது, 30 பங்கு சீக்கிரம் வேலை செய்யுறதுன்னு பொறுமையா விளக்கி, அம்மாவோட டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. "சிரிஞ்ச் வேணுமா?"ன்னு அவங்களே கேட்டாங்க. நான் பெரிய இவன் மாதிரி "அதெல்லாம் இந்தியாவுல இருந்தே வந்திருக்கு"ன்னுட்டு வந்தேன். அந்தப் பெருமைதான் ஆளையே கொன்னிருக்கும்.

ராத்திரி சப்பாத்தி ரெடி. அம்மா டைனிங் டேபிள்ல உக்காந்து, கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, புது பாட்டிலை உள்ளங்கையில வச்சு உருட்டுறாங்க, ஊசிய எடுத்து சிவப்பு மூடியக் கழட்டினவங்க அப்படியே நிறுத்திட்டாங்க.

"டேய், இதுல 100னு போட்டிருக்கு."

"ஆமாம்மா, அது ஏதோ அளவு."

"நம்ம பாட்டில்ல 40னுல்ல இருக்கும். சிவப்பு மூடி ஊசி 40க்குத்தான், 100க்கு ஆரஞ்சு மூடி, மாத்திப் போட்டா மயக்கம்தான் பாட்டின்னு மெடிக்கல்ல வேலை பாக்குற பிள்ள அன்னைக்கே சொல்லுச்சு."

நான் அப்பவும் "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா"ன்னுதான் சொன்னேன், அதை நினைச்சா இன்னிக்கும் வயித்தைப் பிசையுது. அப்புறம் உக்காந்து பாத்தேன். இந்தியாவுல நாம பாட்டில்ல வாங்குற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு யூ-40 சிரிஞ்ச், சிவப்பு மூடி. அமெரிக்காவுல மில்லிக்கு 100 யூனிட், யூ-100 சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி. அம்மா அந்தச் சிவப்பு மூடி சிரிஞ்ச்ல 12ங்கிற கோடு வரைக்கும் இழுத்திருந்தா 0.3 மில்லி, அதாவது உள்ள போறது 12 இல்ல, 30 யூனிட். ரெண்டரை மடங்கு. அதுவும் ராத்திரி, ரெண்டு சப்பாத்தி சாப்ட்டு, பயண அலுப்புல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கப் போற ஆளு, சுகர் இறங்கினாக்கூட எழுப்ப யாருக்குத் தெரியும். எட்டாங்கிளாஸ் படிச்ச அம்மா பாத்த நம்பரை ரெண்டு டிகிரி வாங்கின நான் பாக்கல. 30/70, 70/30ன்னு ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு கடையில கால் மணி நேரம் பதறினவன் உண்மையான ஆபத்தைக் கையில தூக்கிட்டு வந்து டேபிள்ல வச்சிருக்கேன்.

போன்ல யூ-40 சிரிஞ்ச்னு தேடினா வரிசையா நாய் படமும் பூனை படமுமா வருது. இங்க அது வெட்னரிக்குத்தானாம். அம்மா எட்டிப் பாத்துட்டு "அப்ப இத்தனை வருஷமா நாய்க்குப் போடுற ஊசியவா போட்டுட்டு இருந்தேன்?"னு கேட்டாங்க, அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துருச்சு. 24 மணி நேர பார்மசி ஒண்ணைத் தேடி ஓடி ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கிட்டு வந்தப்புறம்தான் அம்மா சாப்பிட்டாங்க, மணி பத்தரை, சப்பாத்தி அப்பளமா விரைச்சுப் போயிருந்துச்சு.

இதையேதான் தலைகீழாவும் யோசிச்சுக்கோங்க, இங்கருந்து யூ-100 சிரிஞ்ச் எடுத்துட்டு ஊருக்குப் போயி அங்க 40 பாட்டில் வாங்கினா பாதி மருந்துகூட உள்ள போகாது. உங்க அம்மா பேனா ஊசி போடுறவங்கன்னா இந்தக் குழப்பம் ரொம்பக் குறைவு, பேனாவுக்குள்ள போடுற மருந்துக் கார்ட்ரிட்ஜ் பொதுவா ரெண்டு ஊர்லயும் 100தான்.

பெட்டி செவ்வாய்க்கிழமை வந்துச்சு. மருந்து எங்க எங்க சுத்துச்சோ, எந்த வெயில்ல கிடந்துச்சோ, எந்தக் குளிர்ல பறந்துச்சோ, யாருக்குத் தெரியும். இன்சுலின் ஒரு தடவை உறைஞ்சிருச்சுன்னா அப்புறம் உருகினாலும் பிரயோஜனம் இல்ல, தூரப் போட வேண்டியதுதான். சரக்கு வைக்கிற பகுதில குளிர் எவ்ளோ இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க, அதனாலதான் எல்லாரும் கைப்பை கைப்பைன்னு கத்துறது. இன்னொண்ணு, தம்பி வச்ச ஜெல் பேக் கல்லு மாதிரி உறைஞ்சது, பாட்டில் மேல நேரா ஒட்டிட்டு இருந்துச்சு, அதுவே போதும் மருந்தைக் கெடுக்க, ஒரு துண்டாவது சுத்தியிருக்கணும். இங்க டாக்டர்கிட்ட காட்டினதுக்கு ஒரே வார்த்தை, எல்லாத்தையும் போட்டுருங்கன்னாரு. ஊர்ல ஒரு பாட்டில் 200 ரூபாய்க்குள்ளதான், இருந்தாலும் அம்மாவுக்கு மனசே வரல. "சும்மா நல்லாத்தான்டா இருக்கு, பாலு மாதிரி வெள்ளையாத்தான் இருக்கு"ன்னு ஒவ்வொண்ணா தூக்கி லைட்டுல பாத்து பாத்து வச்சாங்க.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். இன்சுலின் முழுக்க கைப்பையில. திறக்காத பாட்டிலுக்கு 2ல இருந்து 8 டிகிரி, திறந்தது 25, 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் தாங்கும், அதனால ஒரு நாள் பயணத்துக்கு ஐஸ் மலையெல்லாம் தேவையில்ல, சின்ன கூலிங் பவுச் போதும். ஊசிய யாரும் பிடுங்க மாட்டாங்க, மருந்தோட சேந்து இருக்கணும், பெல்ட்டுல வைக்கிறதுக்கு முன்னாடியே "இன்சுலின், சிரிஞ்ச்"னு அம்மாவைச் சொல்லச் சொல்லுங்க, இல்ல ஒரு அட்டையில இங்கிலீஷ்ல எழுதி பாஸ்போர்ட்டோட கொடுத்துருங்க. நூறு மில்லி கட்டுப்பாட்டுல மருந்துக்கு விலக்கு இருக்கு. மருந்து அளவு பொதுவா 90 நாளைக்கு மேல வேண்டாம்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ சொல்லுது, ஆறு மாசத்துக்கு மூட்டை கட்டிட்டு வந்து யாரும் கேள்வி கேக்காம தப்பிச்சவங்களும் இருக்காங்கதான், நான் அப்படிப் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு மீதி மாசமெல்லாம் இங்க டாக்டர் சொன்ன அளவுல 25 டாலர் பாட்டில்தான் ஓடுச்சு. ஆயிரம் யூனிட், நாளைக்கு 32 வச்சா ஒரு மாசம் வருது. எங்க டல்லாஸுக்கும் ஊருக்கும் நேர வித்தியாசம் கோடைல பத்தரை மணி நேரம், விமானத்துல எந்த டோஸை எப்ப போடுறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே அவங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிருங்க, அதுல நான் கருத்து சொல்லல.

மாத்திரை விஷயத்துல ஒரு எரிச்சல். ஊர்ல மெடிக்கல்ல கத்திரிக்கோலால அட்டைய வெட்டிக் கொடுப்பாங்கல்ல, ஏழு மாத்திரை, நாலு மாத்திரைன்னு, பேரும் எக்ஸ்பைரியும் வெட்டின இன்னொரு பக்கத்தோட போயிரும். அம்மாவோட கைப்பையில அப்படி மூணு துண்டு அட்டை, ஒண்ணுலயும் பேரு இல்ல. இங்க டாக்டர் என்ன மாத்திரைன்னு கேட்டா அம்மா "மஞ்சள் பிரஷருக்கு, சின்ன வெள்ளை சாப்பாட்டுக்கு முன்னாடி"ங்கிறாங்க, நான் அதை இங்கிலீஷ்ல சொல்றேன், அவரு என்னைப் பாக்குறாரு. முழு அட்டையா, டப்பாவோட, பில்லோட வாங்குங்க. கம்பெனி பேரு இங்க யாருக்கும் தெரியாது. டெல்மான்னா முழிப்பாங்க, டெல்மிசார்ட்டன்னா புரியும், கிளைகோமெட்டை மெட்ஃபார்மின்னு சொல்லணும், நம்ம பாராசிட்டமாலே இங்க அசிட்டமினோஃபென். மருந்தோட மூலப்பேரை தெளிவா, முடிஞ்ச வரைக்கும் பெரிய எழுத்துல எழுதணும்னு இந்தியாவுல டாக்டர்களுக்கு விதியே இருக்கு, ஆனா எங்க டாக்டர் சீட்டுல கோழி கிளறின மாதிரி ஒரு கோடு, அதுக்குப் பக்கத்துல 1-0-1. லெட்டர்பேடுல டைப் அடிச்சுக் கேளுங்க, கூச்சப்படாதீங்க, ஃபீஸ் கொடுக்கிறோம்ல.

கடைசியா ஒண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னு சொன்னாலும் பரவால்ல. பெட்டியில ஏன் தம்பி இன்சுலினை வச்சான் தெரியுமா, அம்மாவோட கைப்பையில இடமே இல்ல! ஏன் இல்ல? சித்தி அவங்க பையனுக்கு ஹூஸ்டனுக்கு கொடுத்து விட்ட அதிரசம், முறுக்கு, உடையும்னு கையிலயே வச்சுக்கச் சொல்லிட்டாங்க. பெட்டியில வேற மாவடு பாட்டில், அந்த 23 கிலோவுல பாதி மத்தவங்க வீட்டுது. "சின்னப் பார்சல்தான்க்கா"ன்னு ஆளாளுக்கு கொண்டு வந்து வைக்க, அம்மாவால யாருக்கும் மாட்டேன்னு சொல்ல முடியல. மாவடு தண்ணி ஒழுகி தெர்மோகோல் டப்பா, சேலை எல்லாம் கடுகு வாசம். அந்தப் பையன் அதிரசத்தை வாங்க வரவே இல்ல, நான் கூரியர் போட்டு அனுப்பினேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு தேங்க்ஸ் இல்ல. இதுல பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க "மகளுக்கு தூக்கம் வரலையாம்"னு ஒரு அட்டை அல்பிரசோலம் கொடுத்திருக்காங்க, நல்லவேளை தம்பி பாத்து எடுத்துட்டான். அடுத்தவங்க மாத்திரைய எடுக்கவே எடுக்காதீங்க, அதுவும் துபாய் பக்கம் இறங்கிப் போறதா இருந்தா தூக்க மாத்திரை, டிரமடால், கோடீன் சேந்த இருமல் மருந்து இதுக்கெல்லாம் சொந்த மருந்தா இருந்தாலும் முன்கூட்டியே அந்த நாட்டு அரசாங்கத்துகிட்ட ஆன்லைன்ல அனுமதி வாங்கணும். குருமாவுக்குப் போடுற கசகசாவே அங்க தடை, சிங்கப்பூர்லயும்தான்.

நவம்பர்ல அம்மா ஊருக்குக் கிளம்பினப்புறம் பிரிட்ஜைத் துடைச்சேன். கதவுல நெய் டப்பாவுக்குப் பின்னாடி, கறிவேப்பிலை கவருக்குள்ள சுருட்டி, 40னு போட்ட பாட்டில் ஒண்ணு. போன் போட்டு கேட்டேன்.

"ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்னு வச்சேன்டா, மறந்துட்டேன். தூரப் போட்டுடாத."