ராத்திரிக் கடையை மூடுங்கள், மெஸ்ஸை மூட வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் 22 வருடமாக அப்பா மெஸ் நடத்துகிறார். 36 பேர் உட்காரலாம். காலை டிபன், மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா, தோசை. முன்பு நாளுக்கு 18,000 ரூபாய் வியாபாரம் நடந்தது, இப்போது 11,500 தான். காலை 4,000, மதியம் 5,000, ராத்திரி 2,500. ஆட்கள் ஏழு பேர், நாள் சம்பளம் மொத்தம் 4,900. கடை வாடகை 30,000, கரண்ட் 12,000. பாங்க் கடன் 8 லட்சம், மாதத் தவணை 18,500, இரண்டு தவணை கட்டவில்லை. ஜிஎஸ்டியில், விற்பனைக்கு இத்தனை விழுக்காடு என்று மொத்தமாக வரி கட்டும் காம்போசிஷன் முறையில் இருக்கிறோம். சாப்பாட்டை 90 ரூபாயிலிருந்து ஏற்ற அப்பா சம்மதிப்பதில்லை. ஏசி போடு என்கிறார் ஒருவர், ஆப்பில் சேர் என்கிறார் இன்னொருவர், மூடிவிடு என்கிறார் மாமா. என்ன செய்வதுங்க?

பதில்: முதலில் ஒரு நல்ல விஷயம். மூன்று வேளைக்கும் வியாபாரத்தைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கும் பத்து மெஸ்களில் எட்டில் இந்தக் கணக்கு இருக்காது. கல்லாப் பெட்டியை ராத்திரி ஒரு தடவை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வைப்பதோடு முடிந்துவிடும். நீங்கள் எழுதிய அந்த மூன்று எண்களில்தான் உங்களுக்கான விடை இருக்கிறது.

மாதம் 28 நாள் கடை திறப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களைப் போன்ற மெஸ்ஸில் 100 ரூபாய் வியாபாரம் ஆனால் மளிகை, காய்கறி, பால், எண்ணெய், கேஸ் என்று சுமார் 45 ரூபாய் போகும். காம்போசிஷனில் 5 ரூபாய் வரி. இதை வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடாது, நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். மீதி 50. வாடகை, கரண்ட், தவணை மூன்றையும் கூட்டி 28-ஆல் வகுத்து, நாள் சம்பளத்தையும் சேர்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 7,050 ரூபாய் வருகிறது. நூற்றுக்கு 50 மிஞ்சும் கடையில் 7,050 மிஞ்ச வேண்டுமென்றால் 14,100 வியாபாரம் ஆக வேண்டும். ஆவது 11,500. ஆக, தினமும் 1,300 ரூபாய் கையை விட்டுப் போகிறது. மாதம் 36,000-க்கு மேல்.

இந்த 1,300 எந்த நேரத்தில் போகிறது?

திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும், எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். அந்த அரை ஷிப்ட்தான் உங்கள் ராத்திரிக் கடை. எட்டரைக்குக் களைத்து இறங்குகிறவன் ரூமுக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்க மாட்டான், நேராக உங்கள் கல்லுக்குத்தான் வருவான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, ஆர்டர் குறைந்த கம்பெனிகளில் முதலில் நின்றது ஓவர்டைம். ஐந்தரைக்கே வீடு திரும்புகிறவன் நாலு பேராகச் சேர்ந்து அரிசி வாங்கிச் சமைத்துக்கொள்கிறான். உங்கள் பரோட்டாவில் ஒரு குறையும் இல்லை. அவனிடம் காசு குறைந்திருக்கிறது, சமைக்க நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ராத்திரிக்கென்று மட்டும் நிற்பவர்கள் பரோட்டா மாஸ்டர், ஒரு சப்ளையர், ஒரு பாத்திரம் கழுவுபவர் என்று வைத்துக்கொள்கிறேன். மூவருக்கும் இன்றைய கூலி 2,200 ரூபாய்க்குக் குறையாது. ராத்திரி வியாபாரம் 2,500, அதில் மிஞ்சுவது 1,250. வேறு எதையும் சேர்க்காமலே 950 ரூபாய் நஷ்டம். நீங்கள் நாளுக்கு இழக்கும் 1,300-இல் 950 ராத்திரியில் மட்டும் போகிறது. காலையும் மதியமும் தன் காலில் நிற்கின்றன என்றே சொல்லலாம்.

அதனால் ராத்திரிக் கடையை நிறுத்துங்கள். ஏழு நாளும் நிறுத்த வேண்டாம். 2,200 கூலியைத் தாங்க ராத்திரி 4,400 வியாபாரம் ஆக வேண்டும். எந்தக் கிழமையில் அது ஆகிறதோ அன்றைக்கு மட்டும் கல்லைப் பற்ற வையுங்கள். சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு ஆகும் என்றே நினைக்கிறேன். ஞாயிறும் ஆகலாம். மூன்று வாரக் கணக்கை எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பரோட்டா மாஸ்டரிடம் இதை அப்பாவே உட்கார்ந்து பேச வேண்டும், போனில் சொல்லக்கூடாது. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு வேலை நிச்சயம், மற்ற நாளுக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தினக்கூலிக்கு நிற்கும் மாஸ்டர்கள் இப்படி இரண்டு கடைக்குப் போவது வழக்கம்தான். பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்குக் காலையில் இடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

ராத்திரியை நிறுத்தினாலும் நாளுக்கு இன்னும் 350 ரூபாய் துண்டு விழும். இங்கேதான் அப்பாவிடம் நீங்கள் பேச வேண்டியது வருகிறது.

"பசங்களே சம்பளம் இல்லாம வர்றாங்க, அவங்ககிட்ட எப்படி ஏத்தறது" என்று அப்பா சொல்லியிருப்பார். அவர் சொல்வது நியாயம், அதை மறுத்துப் பேசாதீர்கள். ஒரு தாளில் இதை மட்டும் எழுதிக் காட்டுங்கள். மதியம் 55 சாப்பாடு போகிறது. 90 ரூபாயில் ஒரு சாப்பாட்டுக்கு 45 ரூபாய் மிஞ்சுகிறது. 100 ஆக்கினால், செலவு அதேதான், வரி போக 54 ரூபாய் 50 காசு மிஞ்சும். 55 பேரில் 9 பேர் வராமல் போனால்கூட இன்றைக்கு மிஞ்சுவதை விடக் குறையாது. ஐந்து பேர் போனால் நாளுக்கு 250 ரூபாய் கூடும், ஒருவரும் போகாவிட்டால் 500-க்கு மேல்.

100 கொடுக்க முடியாதவனுக்கு என்ன வழி? அவனுக்கு அரிசிம்பருப்பு சாதம் போடுங்கள். ஒரே குண்டானில் முடியும், தனிக் குழம்பு வேண்டாம், ஒரு கரண்டி நெய்யும் அப்பளமும் ஊறுகாயும் போதும். 50 ரூபாய்க்குக் கொடுத்தாலும் நஷ்டம் வராது. விலை ஏறிய நாளிலேயே இதுவும் பலகையில் இருக்க வேண்டும். தன்னிடம் வருகிறவன் பசியோடு திரும்பக்கூடாது என்பதுதான் அப்பாவின் கவலை என்றால், அதற்கு இது சரியான வழி.

அடுத்து ஒரு மூன்று நாள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை. மதியம் ஒன்று முதல் மூன்று வரை எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். இலையில் என்ன திரும்பி வருகிறது என்று கோடு போடுங்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸில் நான் இப்படி நின்றேன். 30 இலையில் 19-இல் கூட்டு தொடாமல் வந்தது. பருப்பும் தேங்காயும் போட்டு, காலை ஏழு மணியிலிருந்து ஒரு ஆள் மெனக்கெட்டுச் செய்த கூட்டு. சாப்பிட்டவர்களைக் கேட்டால் எல்லோரும் "கூட்டு நல்லா இருக்குங்க" என்றார்கள். மறுநாள் முதல் அதை நிறுத்தி, ரசத்தைக் கெட்டியாக மிளகு தட்டிப் போட்டார்கள். ஒருவரும் கூட்டு எங்கே என்று கேட்கவில்லை. வாய் மரியாதைக்குச் சொல்லும், இலை உள்ளதைக் காட்டிவிடும்.

கேஸையும் கவனியுங்கள். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, அதில் ஒரு ரூபாய்கூட நமக்குத் திரும்ப வராது. சிலிண்டர் மாற்றும் தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்தாலே மாஸ்டர் சும்மா எரிகிற அடுப்பை அணைப்பார். பர்னரை வாரம் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்ய வேண்டும், தீ மஞ்சளாக எரிந்தால் காசு எரிகிறது என்று அர்த்தம்.

ஏசி, இப்போது வேண்டவே வேண்டாம். வருகிற கூட்டத்துக்கு இடம் போதாதபோது செய்கிற செலவு அது.

ஆப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கமிஷன் 25 விழுக்காடு என்று வைத்தால், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து நூற்றுக்கு 29 ரூபாய் 50 காசு போகிறது. டப்பா, கவர் 6 ரூபாய். சரக்கு 45. மிச்சம் 20 ரூபாய்கூட இல்லை. தள்ளுபடி கொடுக்கச் சொன்னால் அதுவும் போச்சு. 2022 ஜனவரி முதல் ஆப் வழி விற்கும் சாப்பாட்டுக்கான ஜிஎஸ்டியை ஆப் நிறுவனமே கட்டுகிறது, அது ஒரு சௌகரியம். ஆனாலும் காம்போசிஷனில் இருக்கும் நீங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் சேரக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் வாடிக்கையாளர் ஆப்பில் ஆர்டர் போடுகிறவர் இல்லை.

அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகலாம். பக்கத்துத் தெருவில் செக்கிங், அயர்னிங் செய்கிற சின்ன யூனிட்கள் இருக்கும். 25 பேருக்கு 80 ரூபாய்க்கு அளவு சாப்பாடு, அவர்கள் கேரியரிலேயே, நீங்களே வண்டியில் கொண்டு போய்க் கொடுங்கள். இதில் சாப்பாட்டுக்கு 36 ரூபாய் நிற்கும், நாளுக்கு 900. புதிதாக ஆள் வேண்டாம், அடுப்பும் எப்படியும் எரிகிறது. ஒரே நிபந்தனை, சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடிய வேண்டும். "அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன்" என்றால் திங்கள்கிழமை கேரியர் போகக்கூடாது. ஆர்டர் இல்லாத காலத்தில் சின்ன யூனிட்காரர் முதலில் நிறுத்தி வைப்பது சாப்பாட்டுக் கணக்கைத்தான்.

உங்கள் கடையிலும் பற்று நோட்டு ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கூட்டிப் பாருங்கள். பழைய பாக்கியை வாரம் 200, 300 என்று சனிக்கிழமை வாங்குங்கள், புதிய பற்று ஒரு வாரத்தைத் தாண்ட வேண்டாம். முடிந்தவர்களுக்கு 25 சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டினால் 26 டோக்கன் என்று கொடுக்கலாம். அந்தப் பணத்தைத் தனியாக வையுங்கள், அது இன்னும் போடாத சாப்பாட்டுக்கான பணம்.

பாங்குக்கு இந்த வாரமே போங்கள். இதுதான் அவசரம். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்குப் பிறகு மேனேஜர் நினைத்தாலும் செய்யக்கூடியது குறைவு. நீங்கள் 60 நாளை ஒட்டி நிற்கிறீர்கள். நலிந்த சிறு தொழில்களை மீட்க 2015-இல் மத்திய அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது, ரிசர்வ் வங்கி மறுவருடம் அதைப் பாங்குகளுக்கு உத்தரவாகவே அனுப்பியது. அதன்படி 10 லட்சம் வரையான கடனுக்குக் கிளை மேனேஜரே பார்த்து, தவணையைச் சீரமைப்பதா என்று முடிவு செய்யலாம். உங்கள் கடன் அதற்குள்தான் வருகிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லை என்றால் அரசு இணையதளத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மேலே போட்ட கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, ராத்திரிக் கடையை நிறுத்தியதையும் சொல்லி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரு நகலில் பாங்க் முத்திரை வாங்கி வையுங்கள்.

தண்டலுக்கு மட்டும் போகாதீர்கள். 85,000 கையில் கொடுத்து, நாளுக்கு 1,000 வீதம் 100 நாள் வாங்குவார்கள். 350 ரூபாய் துண்டு விழும் கடை 1,000 ரூபாயை எங்கிருந்து எடுக்கும்? தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டலையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. தெரிந்தும் சாயங்காலம் பையோடு வருகிறவரிடம் கைநீட்டுகிறோம். அப்படிப் போன நல்ல சமையல்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும், நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கடை ஓனரிடமும் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு 25,000 வாங்கிக்கொள்ளுங்கள், மீதி 5,000-ஐ அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 22 வருடம் வாடகை தவறாத ஆளை யாரும் எளிதில் விட மாட்டார்கள். பேசியதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஜிஎஸ்டியில் காம்போசிஷனை விட்டு வெளியே வந்தால் 5 விழுக்காட்டைப் பில்லில் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பதிவு இல்லாத ஓனருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கு 18 விழுக்காடு நாமே கட்டும் விதி 2024 அக்டோபரில் வந்தது. 2025 ஜனவரி முதல் காம்போசிஷன்காரர்களுக்கு அதில் விலக்கு. வெளியே வந்தால் 30,000 வாடகைக்கு மாதம் 5,400 கூடுதல். இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

இவையெல்லாம் நடந்தால், என் கணக்கில், துண்டு விழுவது அடைபட்டு, வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய்க்கு வழி பிறக்கும். பாங்க் தவணையைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம். மூன்று மாதம் பாருங்கள், தினமும் மூன்று வேளையையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவது மாதமும் மதியச் சாப்பாடு 40-க்குக் கீழே போனால் மாமா சொல்வதை யோசிக்கலாம். அப்போதும் அட்வான்ஸ் முழுவதும் கரைவதற்கு முன்பு, ஆட்களின் பாக்கியைத் தீர்க்கக் கையில் பணம் இருக்கும்போதே மூட வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஏழு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மாவைச் சேர்த்தீர்களா? பெரும்பாலான மெஸ்ஸில் காலை நாலு மணிக்குச் சட்னிக்குத் தேங்காய் உடைப்பது வீட்டம்மாதான், சம்பள நோட்டில் அவர் பெயர் இருக்காது. உங்கள் வீட்டிலும் அப்படி என்றால், நாளை முதல் அவருக்கும் ஒரு வரி போட்டு, கூலியையும் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள்.