வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது குழந்தைக்கு எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது, பெரம்பூரில் இருக்கிறோம். இப்போது 11 வாரக் கர்ப்பம். டார்ச் டெஸ்டில் (கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. ஒன்றரை வயது மகனுக்கு இரண்டாவது எம்.ஆர். ஊசி பாக்கி. உயிருள்ள கிருமி ஊசி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, பிரசவம் முடியட்டும் என்கிறார் மாமியார். எதிர் ஃப்ளாட் குழந்தைக்கு நேற்று உடம்பெல்லாம் தடித்து, தட்டம்மை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்ன செய்வது?

பதில்: மகனுக்கு ஊசி போடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ்தான். அதனால்தான் கர்ப்பிணிக்கு அந்த ஊசியைப் போடுவதில்லை. மாமியார் கேள்விப்பட்டது அந்த விதியைத்தான். ஊசி போட்ட குழந்தையிடமிருந்து அந்த வைரஸ் தாய்க்குத் தொற்றாது. மகனைத் தூக்கலாம், கூடவே படுக்க வைக்கலாம்.

ரூபெல்லா ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் பார்த்துப் பதற வேண்டாம். ஐஜிஜி (நிலைத்து நிற்கும் எதிர்ப்புப் பொருள்) இருந்து ஐஜிஎம் (புதிய தொற்றில் வருவது) இல்லை என்றால், என்றோ வந்த எதிர்ப்புச் சக்தி உங்களிடம் இருக்கிறது. முதல் 12 வாரத்தில் ரூபெல்லா வந்தால்தான் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரும் ஆபத்து மிக அதிகம். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. (எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் டார்ச் டெஸ்ட் எழுதும் வழக்கம் தேவையற்ற பீதியைத்தான் கிளப்புகிறது.)

அந்த ரிப்போர்ட் தட்டம்மையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டும் வேறு வேறு வைரஸ். உங்கள் வயதினருக்குக் குழந்தையில் அரசு போட்டது 9 மாதத்தில் ஒரே ஒரு தட்டம்மை ஊசி. தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் நடந்த எம்.ஆர். முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அப்போது நீங்கள் அந்த வயதைத் தாண்டியிருப்பீர்கள். 9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கே பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் கொஞ்சம் ரத்தத்தில் இருந்தால், ஊசியில் உள்ள வைரஸ் பெருகுவதற்குள் அதை அழித்துவிடும். இரண்டாவது தவணை வைத்திருப்பதே மீதிப் பேரைப் பிடிக்கத்தான்.

ஆகவே இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பேசி, தட்டம்மை ஐஜிஜி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாள் கணக்கு இங்கே முக்கியம். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே தட்டம்மை பரவத் தொடங்கும், வந்த பிறகும் 4 நாள் பரவும். நோயாளி போன பிறகும் மூடிய இடத்துக் காற்றில் 2 மணி நேரம் வரை வைரஸ் நிற்கும், லிஃப்டில்கூட. எதிர் வீட்டுக் குழந்தையோடு போன வாரக் கடைசியில் நீங்கள் பழகியிருந்தால், கணக்கு அன்றிலிருந்தே ஓடுகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தால், தொடர்பு ஏற்பட்ட 6 நாளுக்குள் ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள்) டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அளவு கிலோவுக்கு 400 மில்லிகிராம், 60 கிலோ எடைக்கு 24 கிராம். கர்ப்பத்தில் தட்டம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா, கருச்சிதைவு, குறைப்பிரசவம் என்று போகலாம் என்பதால் இதில் மெத்தனம் கூடாது.

மகனுக்கு வருவோம். முதல் ஊசி போட்டு 4 வாரம் ஆகியிருந்தால் போதும், சளி இருந்தாலும் போடலாம். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் இந்தத் தொற்றையே தடுக்க வாய்ப்புண்டு. அது தாண்டியிருந்தாலும் பாக்கித் தவணையைப் போட்டுவிடுங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள் பொதுவாகப் புதன்கிழமை. அட்டையோடு காலையிலேயே போங்கள். கலக்கிய குப்பியை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, எப்போது திறந்தது என்று கேட்பதில் தப்பில்லை. வலது மேல்கையில் தோலுக்கடியில் அரை மில்லி. கூடவே டிபிடி (முத்தடுப்பு ஊசி), போலியோ, 2 மில்லி வைட்டமின் ஏ சிரப். தனியாரில் சின்னம்மை ஊசி போட்டிருந்தால், அதற்கும் இதற்கும் 4 வார இடைவெளி வேண்டும்.

டிபிடியால் அன்றிரவே காய்ச்சல் வரலாம். எம்.ஆர். காய்ச்சல் வந்தால் 6 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும், லேசான தடிப்பும் இருக்கலாம். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. பாட்டிலைப் பார்த்து ஊற்றுங்கள்: 5 மில்லியில் 125 என்றால் 6 மில்லி, 250 என்றால் 3 மில்லி. இங்கேதான் வீட்டில் அதிகம் தவறு நடக்கிறது.

எதிர் வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கு அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள், போனில். அடுத்த மூன்று வாரத்துக்குள் உங்களுக்கோ மகனுக்கோ காய்ச்சலோடு கண் சிவந்து, மூக்கு ஒழுகினால், மற்ற கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் ஓ.பி.க்கு நேராகப் போகாதீர்கள். முதலில் போன் செய்து, தனியாக எங்கே வரவேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.