கோழித் தீவனத்தில் என்ன வரலாறு?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போரை நேரில் கண்டவர்களின் நினைவுகளை பிபிசி திரட்டி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்போது இங்கிலாந்தின் சிற்றூர்களில் பிள்ளைகளாக இருந்தவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தேன். கோழி வளர்த்தோம், மிட்டாய் கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கு பொறுக்கினோம் என்றே போகிறது. லண்டன் பற்றி எரிந்த காலத்தில் இவர்களுக்கு நினைவில் நின்றது இதுதானா? இதில் வரலாறு எங்கே இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கோழியிலேயே இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

போருக்கு முன் பிரிட்டன் தன் உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. மனிதர் தின்னும் கோதுமை மட்டுமில்லை, கோழிக்கும் பன்றிக்கும் போடும் தானியத்திலும் பெரும்பங்கு கப்பலில்தான் வந்தது. ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் கப்பல்களை மூழ்கடிக்க ஆரம்பித்ததும் மிச்சமிருந்த இடத்தில் எதை ஏற்றுவது என்ற கேள்வி வந்தது, கோழித் தீவனம் பின்னுக்குப் போனது. முட்டை ஆளுக்கு வாரம் ஒன்று, அதுவும் கடைக்கு வந்தால். வீட்டில் கோழி வைத்திருப்பவர்கள் அந்த முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குத் தீவன மாவு தருவதாக அரசு ஏற்பாடு செய்தது. ஆனால் மாவு போதாது. உருளைக்கிழங்குத் தோல், முட்டைக்கோஸ் இலை என்று வீட்டில் கழிந்ததையெல்லாம் வேகவைத்து, அதில் இந்த மாவைப் போட்டுப் பிசைய வேண்டும், பல வீடுகளில் அது பிள்ளைகளின் வேலை. இத்தனை வருஷம் கழித்தும் ஒருவர் அந்தத் தோல் வெந்த வாடையை எழுதுகிறார் என்றால், அட்லாண்டிக் சண்டை அவர் வீட்டுக்குள் அந்தப் பானை வழியாகத்தான் வந்திருக்கிறது.

மிட்டாயும் அப்படித்தான். 1942 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது, 1953 பிப்ரவரி வரை முழுதாக விடுபடவில்லை. போர் தொடங்கியபின் பிறந்த குழந்தை, கையில் காசிருந்தும் வேண்டிய மிட்டாயைக் கேட்டு வாங்க முடியாமலே வளர்ந்து பெரிதானது. அப்புறம் கோயில் மணி. 1940 ஜூனில் தேவாலய மணிகளை அடிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள், ஒலித்தால் எதிரி வந்து இறங்கிவிட்டான் என்று பொருள். எகிப்தின் எல் அலமெய்னில் ஜெர்மானியப் படையை வென்றதற்காக 1942 நவம்பரில் அடித்தபோதுதான் பல சின்னப் பிள்ளைகள் தங்கள் ஊர் மணியை முதல்முறையாகக் கேட்டிருப்பார்கள். 1941 முதல் கோடையில் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னுக்கு வைத்ததால் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது, அறுவடை நடந்தது, பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் யார் எழுதிவைப்பார்கள்? தளபதிகள் எழுதவில்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் "லண்டனிலிருந்து புதுக் கூட்டாளிகள் வந்தார்கள்" என்று ஒரே வரியில் கடந்துபோகும் இடம் அது. 1939 செப்டம்பர் 1 முதல் சில நாட்களில் ஏறக்குறைய 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து வெளியேற்றினார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி. பல ஊர்களில் ஒரு கூடத்தில் அவர்களை நிறுத்திவைக்க, வீட்டுக்காரர்கள் வந்து பிடித்த பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். தம்பியை விட்டுப் பிரிய மாட்டேன் என்று நின்ற அக்காக்களும், அழுக்காகத் தெரிந்த பிள்ளைகளும் கடைசிவரை நின்றார்கள். இது கொடுமை, அவசரம் என்று சொல்லி நியாயப்படுத்த என்னால் முடியாது. கடைசியாக நின்றவர்கள் எழுதியதும் அதே திரட்டில் இருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் எழுதியதோடு சேர்த்து வாசியுங்கள்.

நீங்கள் கேட்ட லண்டனும் அங்கே வந்துவிடும். முதல் சில மாதங்கள் குண்டு எதுவும் விழாததால், 1940 தொடங்கும்போதே அந்தப் பிள்ளைகளில் ஏராளமானோரைப் பெற்றோர் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லண்டன் மேல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது அந்த வருஷம் செப்டம்பரில்.

அன்புடன்.