கேள்வி பதில்: ஊசிக்கு அழுகிற பிள்ளை

சிறுவர் புற்றுநோய் வார்டில் 22 வருடம் தாதியாக இருந்தேன். கேளுங்க.

வெள்ளவத்தைத் தாய்: மகனுக்கு 5 வயது, லுக்கீமியா, இரத்தப் புற்றுநோய். நாளைக்கு முதுகில் ஊசி. வலிக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பதில்: இன்றைக்கே மாற்றிச் சொல்லுங்க அம்மா. வலிக்காது என்ற ஊசி வலித்தால் அடுத்த முறை உங்களையும் நம்பமாட்டான். இந்த வைத்தியம் இரண்டு வருடத்துக்கு மேலே போகும். முதுகு ஊசியும் பல தடவை. நாளத்தில் ஏற்றுகிற மருந்துகள் பல மூளைப் பக்கம் போதிய அளவு போய்ச் சேராது. அதனால்தான் மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை முதுகுத்தண்டு நீருக்குள் நேரே விடுகிறார்கள். இறால் மாதிரிச் சுருண்டு படுக்கவேண்டும். இன்றிரவு கட்டிலில் விளையாட்டாகப் பழக்குங்க. மரக்கச் செய்யும் களிம்பு இருக்கிறதா என்று கேளுங்க. அது வேலை செய்ய ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனை: கீமோ முடிந்து 8 நாள். காய்ச்சல் 38.2. பனடோல் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. உடனே வார்டுக்கு. கிருமியோடு போராடும் வெள்ளணு குறைந்த பிள்ளைக்கு 38 பாகையே ஆபத்து. பனடோல் சூட்டை மறைக்கும், கிருமியைக் கொல்லாது.

மட்டக்களப்பிலிருந்து வந்தவர்: மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? காசு?

பதில்: புறக்கோட்டையில் 138 பஸ். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

தெஹிவளை: பப்பாசி இலைச் சாறு?

பதில்: டாக்டரைக் கேட்காமல் ஒன்றும் வேண்டாம்.

மட்டக்குளித் தாத்தா: பேரன் வார்டே அதிரக் கத்துகிறான். ஆம்பிளைப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டாமா?

வத்தளைப் பெரியம்மா: ஐயா சொல்வது சரி. இடம் கொடுத்தால் அதுவே பழகிவிடும்.

பதில்: இரண்டு பேருக்கும் மறுப்புச் சொல்கிறேன். 6 வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். “மிஸ், மூன்று எண்ணினாப் பிறகு குத்துங்க. எண்ணுறது நான்” என்பாள். இரண்டில் நின்றுவிடுவாள். கண்ணீர் ஒழுகும். நாங்கள் ஊசியோடு காத்திருப்போம். பிறகு அழுதபடியே “மூன்று” என்பாள். அதைவிடத் தைரியம் நான் பார்த்ததில்லை. ஐயா, அவன் கத்தட்டும். கையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்க.

பெரியம்மா: ஆனாலும் தாய் முன்னால் அழலாமா?

பதில்: தாய் முன்னால் அழாமல் யார் முன்னால் அழுவது?

பம்பலப்பிட்டி: ராத்திரிக் காய்ச்சல். விடியும்வரை பார்ப்போமா?

பதில்: கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதைப் பாருங்க. விடியும்வரை வேண்டாம்.

தெமட்டகொடை: பனடோலுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது மிஸ், இனிப் பயமில்லைதானே?

பதில்: இறங்கினது சூடு மட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்க.